ஓரியா? காரியா?

இரண்டு பெரிய வீரர்கள் மோதப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும். ஊரில் வேறு பேச்சே இருக்காது. டீக்கடையில், முடிதிருத்தும் நிலையத்தில், பஸ் நிறுத்தத்தில் எங்கும் ஒரே கேள்விதான். ஜெயிக்கப் போவது யார்?

மோதுகிறவர்களில் ஒருவர் புதுப் பையன் என்றால் கணக்குப் போடுவது சுலபம். இருவருமே பல களம் கண்டு பழுத்தவர்கள் என்றால்தான் தலை சுற்றும்.

1974-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, ஆப்பிரிக்காவில் உள்ள கின்ஷாசா நகரில் முகமது அலியும் ஜார்ஜ் போர்மனும் குத்துச்சண்டை போட்டார்கள். அலிக்கு அப்போது வயது 32. தோல்வியை ருசி பார்த்தவர். போர்மனுக்கு வயது 25. அதுவரை யாரிடமும் தோற்காதவர். விவரம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் போர்மன்தான் ஜெயிப்பார் என்றார்கள். எட்டாவது சுற்றில் போர்மன் கீழே விழுந்தார்!

இதைப் போல ஒரு மோதல் நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. அது பரிசுக்காக நடந்த விளையாட்டு அல்ல. உயிர் போகும் சண்டை. நடந்து ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஒரு பக்கம், கொல்லிமலைத் தலைவன் ஓரி. எதிர்ப் பக்கம், முள்ளூர் மலைத் தலைவன் காரி.

பெயரைப் பாருங்கள். ஓரி, காரி! அண்ணன் தம்பிக்கு வைத்த பெயர் போல இருக்கிறது. இருவரும் வீரர்கள். இருவரும் வள்ளல்கள். பாரி, பேகன், அதிகன், நள்ளி, ஆய் ஆகியோருடன் சேர்த்து கடை எழு வள்ளல்கள் என்று சொல்கிறோமே, அந்த ஏழு பேரில் இவர்கள் இருவரும் அடக்கம். இன்னும் ஒரு வேடிக்கை. ஓரி ஏறிய குதிரையின் பெயரும் ஓரி. காரி ஏறிய குதிரையின் பெயரும் காரி. சிறுபாணாற்றுப்படை என்ற பழைய நூல் இதைச் சொல்கிறது.

இப்படிப்பட்ட இருவர் ஒருவரை ஒருவர் கொல்லப் புறப்பட்டால் யார் ஜெயிப்பார் என்று சொல்வீர்கள்?

அவசரப்படாதீர்கள். முதலில் ஆட்களைப் பார்ப்போம்.

மலையும் தலைவனும்

கொல்லிமலை இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997-ம் ஆண்டு மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அடிவாரத்தில் காரவள்ளியில் இருந்து பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். பாதி வழியிலேயே சிலருக்கு வயிற்றைப் புரட்டும். மேலே போய்விட்டால் குளுகுளு என்று காற்று வீசும். பலா, வாழை, அன்னாசி, மிளகு, காப்பி எல்லாம் அங்கே விளைகின்றன. ஐயாறு என்ற சிற்றாறு ஆகாய கங்கை அருவியாக விழுகிறது.

அந்தக் காலத்திலும் கொல்லிப் பலாவுக்குத் தனி மதிப்பு. அதன் சிவந்த வேரைக்கூட விடாமல் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். தேனும் மூங்கிலும் மலையில் நிறைந்திருந்தன. கொல்லிப்பாவை என்ற ஓர் அழகிய பெண் உருவமும் அங்கே இருந்தது. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு குறையாதாம். நல்ல அழகியைப் பார்த்தால் கொல்லிப்பாவை போல இருக்கிறாள் என்று சொல்வது அன்றைய வழக்கம்.

இந்த மலையின் சொந்தக்காரன் ஓரி. முழுப் பெயர் ஆதன் ஓரி. ஆனால் வல்வில் ஓரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வல்வில் என்றால் வலிமையான வில்.

அந்தப் பட்டம் சும்மா வந்ததல்ல.

ஒரே அம்பு

வன்பரணர் என்று ஒரு புலவர். பாணர்களும், ஆடிப் பாடும் விறலியரும் சேர்ந்த கூட்டத்தோடு காட்டு வழியே போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு வேட்டைக்காரன் யானையைக் குறி வைத்து நின்றான்.

அம்பு பறந்தது. யானை சாய்ந்தது. அம்பு நிற்கவில்லை. அங்காந்திருந்த புலியின் வாய்க்குள் பாய்ந்தது. அதையும் தாண்டிப் போய் ஒரு புள்ளிமானை உருட்டியது. பிறகு ஒரு காட்டுப்பன்றியை வீழ்த்தியது. கடைசியில் புற்றுக்குள் கிடந்த ஓர் உடும்பில் போய்ச் செருகி நின்றது.

ஒரு அம்பு. ஐந்து உயிர்!

இது நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. புலவர் வாய்க்கு வரம்பு ஏது? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் புளுகியிருந்தாலும் பெரிய மிருகத்தில் தொடங்கிச் சின்ன உடும்பில் முடித்திருக்கிறார். போகப் போக அம்பின் வேகம் குறையும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

வேட்டைக்காரனைப் பார்த்ததும் புலவருக்கு ஒரு யோசனை. இவனைப் பார்த்தால் இறைச்சி விற்றுப் பிழைக்கிறவன் மாதிரி தெரியவில்லையே! மார்பில் சந்தனம் இருக்கிறது. முத்துமாலை கிடக்கிறது. ஒருவேளை இவன்தான் ஓரியோ? யாராக இருந்தாலும் சரி, பாடிப் பார்ப்போம் என்று கூட்டத்தைத் தூண்டினார். முழவு கொட்டினார்கள். யாழை மீட்டினார்கள். வரிசையாகப் பாட்டுகளைப் பாடி முடித்து, கடைசியில் அவனைத் தலைவனே என்று அழைத்து வணங்கினார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் வேட்டைக்காரனுக்கு வெட்கம் வந்துவிட்டது. தலை குனிந்து நின்றான். நாங்கள் நாடெல்லாம் சுற்றி வருகிறோம், உன்னைப் போல ஒரு வேட்டுவனை எங்குமே கண்டதில்லை என்று அவர்கள் மேலும் புகழத் தொடங்கினார்கள். அவன் பேசவே விடவில்லை. வேட்டையாடிய இறைச்சியைச் சமைத்துப் போட்டான். உருக்கிய நெய் போன்ற மதுவைக் கொடுத்தான். தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்றான். நடுக்காட்டில் நடந்தது இது. அவன் ஓரிதான்.

வெட்கப்பட்டான் பாருங்கள், அந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். ஐந்து மிருகங்களை ஒரே அம்பில் சாய்த்த கை. நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னதும் கூசிப் போகிறது.

ஓரியின் வீட்டுக்குப் போனவர்கள் கதை இன்னும் வேடிக்கை. அணி பூட்டிய யானைகளை நாள்தோறும் அவன் பரிசாகக் கொடுத்தான். கூத்தாடும் கோடியருக்கு நல்ல நிலங்களைக் கொடுத்தான். பாணர்களுக்கு வெள்ளி நாரில் மணிப் பூக்களைத் தொடுத்து அணிவித்தான். வயிறு நிறையச் சாப்பாடும் போட்டான். சாப்பிட்ட பாணர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? ஆட்டத்தையும் பாட்டையும் மறந்து சும்மா உட்கார்ந்துவிட்டார்கள்! பசி இருந்தால்தானே பாட்டு வரும்? இதையும் வன்பரணரே சொல்கிறார்.

கோவலூர் வீரன்

இப்போது காரியைப் பார்ப்போம். மலையமான் திருமுடிக்காரி என்பது முழுப் பெயர். தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள திருக்கோவலூர் அவனுடைய ஊர். பக்கத்தில் முள்ளூர் மலை அவனுடைய கோட்டை.

ஓரிக்கு வில் என்றால், காரிக்கு வேல். ஆரியர் படை பெரும் கூட்டமாக முள்ளூருக்கு வந்தபோது, காரியின் ஒற்றை வேலுக்கு முன்னால் நிற்க முடியாமல் சிதறி ஓடியது என்று நற்றிணையில் ஒரு பாட்டு சொல்கிறது.

இவனிடம் இன்னொரு விசேஷம். சேர, சோழ, பாண்டியர் மூவரும் இவனுடைய உதவிக்கு ஆள் அனுப்புவார்கள். பொன்னும் பொருளும் கொடுத்து, எங்கள் பக்கம் வா என்று அழைப்பார்கள். காரி எந்தப் பக்கம் நிற்கிறானோ, அந்தப் பக்கத்துக்குப் பலம். இன்றைக்கு உலகமெங்கும் பந்தாட்டக் குழுக்கள் நல்ல ஆட்டக்காரரை விலை பேசி இழுக்கின்றனவே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

வந்த பணம் கையில் தங்கியதா? அதுதான் இல்லை. பாடி வந்தவர்களுக்குத் தேரைத் தேராகக் கொடுத்தான். குடித்துவிட்டு மயக்கத்தில் அள்ளிக் கொடுக்கிறவர்கள் உண்டு. காரி தெளிந்த மனத்தோடு கொடுப்பவன் என்று கபிலர் பாராட்டுகிறார். அவன் நாடு அந்தணர்களுக்கு, செல்வம் பாடி வருபவர்களுக்கு, தனக்கு என்று மிச்சம் இருப்பது அன்பு மனைவி ஒருத்திதான் என்றும் அவர் பாடியிருக்கிறார்.

ஓரியைத் தேடிப் போன கழைதின் யானையார் என்ற புலவருக்கு ஒரு தடவை பரிசு உடனே கிடைக்கவில்லை போலிருக்கிறது. உன்னைக் குறை சொல்ல மாட்டேன், நான் புறப்பட்ட வேளையும் பார்த்த சகுனமும் சரியில்லை என்று பாடினார். காரியைப் பற்றிக் கபிலர் பாடியதோ இதற்கு நேர்மாறு. கெட்ட நாளில் போனாலும், கெட்ட சகுனத்தில் போனாலும், பாடத் தெரியாமல் பாடினாலும் காரியிடம் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்றார்.

கொடையில் யார் பெரியவர் என்று இந்த இரண்டு பாட்டையும் வைத்துக்கொண்டு ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். நமக்கு இப்போது சண்டைதான் முக்கியம்.

பந்தயம் யார் மீது?

இருவரையும் மோத வைத்தது யார்? பெருஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன்.

சேரர்களில் இரும்பொறை மரபினர் கரூர்ப் பக்கம் ஆண்டவர்கள். கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் அவர்கள் பெயர் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. கரூரில் இருந்து காவிரியைத் தாண்டினால் கொல்லிமலை தூரம் இல்லை. வளமான மலை. அதற்கும் வடக்கே தகடூர். அதுதான் இன்றைய தருமபுரி. அங்கே அதியமான் நெடுமான் அஞ்சி இருந்தான். சேரனுக்குக் கொல்லியும் வேண்டும், தகடூரும் வேண்டும்.

அந்த அதியமானால் அடிபட்டவன் காரி. அதியமான் படையெடுத்துக் கோவலூரையே பிடித்துக்கொண்டான். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில் 1981-ம் ஆண்டு ஒரு பழங்காலக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அங்குள்ள பள்ளியைக் கொடுத்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி என்று அதில் வெட்டியிருக்கிறது. அவன் கை அந்தப் பகுதி வரை நீண்டிருந்தது என்பதற்குக் கல்லே சாட்சி. ஊரை இழந்த காரி சேரனிடம் போய்ச் சேர்ந்தான், அதன் பிறகுதான் கொல்லிமலைச் சண்டை வந்தது என்று புறநானூற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

இனி நீங்கள் கணக்குப் போடலாம்.

ஓரி நின்றது சொந்த மலையில். பாறையும் புதரும் அவனுக்குத் தெரியும். வில்லாளி மேலே நிற்க, எதிரி கீழே இருந்து ஏறி வர வேண்டும். எழுபது வளைவுத் தார்ச்சாலை அன்றைக்குக் கிடையாது. குதிரைக்குக் கால் வழுக்கும் காட்டுப்பாதைதான். வேல்காரன் பக்கத்தில் வந்தால்தான் குத்த முடியும். வில்காரனுக்குத் தூரத்திலேயே வேலை முடிந்துவிடும். அந்த வில்லோ, யானையைத் துளைத்துப் புலியைத் துளைத்த வில்.

காரி எப்படி வந்தான்? ஊரை இழந்து வந்தான். அடுத்தவன் படையோடு, அடுத்தவனுடைய காரியத்துக்காக வந்தான்.

என் கையில் காசு இருந்திருந்தால் ஓரி மேல்தான் கட்டியிருப்பேன். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள்.

காசு போயிருக்கும்!

காரி ஜெயித்தான். ஓரி செத்தான்.

யோசித்துப் பார்த்தால் காரணம் தெரியாமல் இல்லை. நாம் இரண்டு ஆளை மட்டும் எடை போட்டோம். ஓரிக்குப் பின்னால் ஒரு மலைதான் இருந்தது. காரிக்குப் பின்னால் ஒரு பேரரசே இருந்தது. தவிர, மூவேந்தர் படைகளோடும் பழகிய காரிக்குப் பெரிய சண்டையின் சூட்சுமம் எல்லாம் அத்துப்படி. ஊரை இழந்தவனுக்கு இனி இழக்க என்ன இருக்கிறது? ஓரியோ யானைகளைப் புலவர்களுக்குக் கொடுத்தவன், நிலங்களைக் கூத்தர்களுக்குக் கொடுத்தவன். கொடுத்த யானை போர்க்களத்துக்குத் திரும்பி வருமா?

ஓரியின் தெரு

இத்தனை பெரிய சண்டையில் யார் எங்கே குத்தினார்கள், யார் எப்படி விழுந்தார்கள் என்பதைப் புலவர்கள் பாடவில்லை. அவர்கள் பார்த்தது வேறு ஓர் இடத்தை. ஓரியின் ஊரில் ஒரு பெரிய தெரு.

ஓரியைக் கொன்ற பிறகு காரி அந்தத் தெருவுக்குள் நுழைந்தான். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் ஓரியின் மக்கள். அவனால் சாப்பிட்டவர்கள். அவர்கள் ஒரே குரலாகப் பெரும் கூச்சல் எழுப்பினார்கள். ஊரே கல்லென்று ஆகிவிட்டது.

இதைப் பாடியவர் யார் தெரியுமா? கபிலர்! காரியை வாயாரப் புகழ்ந்த அதே கபிலர். காரியிடம் பரிசு வாங்கியவர். ஜெயித்தவனுக்கு வேண்டியவர். அவர் நினைத்திருந்தால் வெற்றி முரசைப் பற்றிப் பாடியிருக்கலாம். தோற்றவன் தெருவில் எழுந்த சத்தம்தான் அவர் காதிலேயே நின்றிருக்கிறது. அதையும் போர்ப் பாட்டில் வைத்துப் பாடவில்லை. நற்றிணையில் ஒரு காதல் பாட்டு. நன்றாக அலங்கரித்துக்கொண்டு ஒரு பெண் தெருவில் நடந்து வருகிறாள். ஊர்ப் பெண்கள் எல்லாம் தங்கள் கணவன்மாரை நினைத்துப் பயந்து ஆரவாரம் செய்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு உவமை தேடும்போதுதான் கபிலருக்கு ஓரியின் தெரு ஞாபகம் வந்தது. ஓரி நெடுங்காலமாகப் பேர் பெற்ற வீரன் என்பதையும் அதே பாட்டில் சொல்லிவிட்டார்.

கல்லாடனார் என்ற இன்னொரு புலவர், காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்ததை அகநானூற்றில் பாடுகிறார். அங்கேயும் அழியாத புகழை நிறுத்தியவன் என்ற பட்டம் செத்துப்போன ஓரிக்குத்தான்.

பாணர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைப்பவர்கள் அவர்கள். காரி வீட்டிலும் சாப்பிட்டவர்கள், ஓரி வீட்டிலும் சாப்பிட்டவர்கள். யார் ஜெயிப்பார் என்று அவர்களைக் கேட்டால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு ஓர் அடுப்பு அணைந்துவிடும்.

மலை யாருக்கு?

ஜெயித்த காரி கொல்லிமலையில் உட்கார்ந்தானா? இல்லை. பலாவையும் பாவையையும் மலையையும் சேரனிடம் ஒப்படைத்தான். உயிர் கொடுத்தவன் ஒருவன், ரத்தம் சிந்தியவன் ஒருவன், மலையை எடுத்துக்கொண்டவன் மூன்றாவது ஒருவன்.

பெருஞ்சேரல் இரும்பொறை அத்தோடு நிற்கவில்லை. கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும், அவனோடு சேர்ந்து வந்த சோழ பாண்டியரையும் ஒன்றாக வென்றான். தகடூரையும் அழித்தான். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை என்றே அவனுக்குப் பெயர் வந்தது. பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து முழுவதும் அவனைப் பற்றியதுதான். அரிசில் கிழார் பாடியது.

மலையமான் குடும்பத்துக்கு நல்ல காலம் நீடிக்கவில்லை. பின்னால் ஒரு நாள் சோழன் கிள்ளிவளவன், மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்ல ஏற்பாடு செய்தான். குழந்தைகள் அழுதன. யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்து, கூடியிருந்த புதிய மனிதர்களை மிரண்டு மிரண்டு பார்த்தன. கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே வந்தார். நீயோ புறாவுக்காகத் தசையை அறுத்துக் கொடுத்தவன் வழியில் வந்தவன், இந்தப் பிள்ளைகளோ புலவர்களின் வறுமையைத் தீர்த்தவர்களின் பிள்ளைகள் என்று எடுத்துச் சொல்லி உயிர்களை மீட்டார். ஒரு காலத்தில் அள்ளிக் கொடுத்த தேருக்கு, ஒரு புலவர் வாய் கடனைத் திருப்பிக் கொடுத்தது.

கொல்லிமலையைச் சேரனுக்குப் பிறகு எத்தனையோ அரசர்கள் ஆண்டார்கள். வெள்ளைக்காரன் ஆண்டான். அவர்களில் யாருக்கும் மலையில் விழா எடுப்பதில்லை. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசாங்கம் நடத்தும் விழாவுக்கு வல்வில் ஓரி விழா என்றுதான் பெயர். பதினெட்டாம் பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோவிலுக்கும் ஆகாய கங்கைக்கும் வருகிற கூட்டம் செம்மேட்டிலும் நிறைந்து வழியும். அங்கே ஓரிக்குச் சிலை இருக்கிறது. மாலை போடுகிறார்கள். மலைவாழ் மக்கள் ஆடிப் பாடுகிறார்கள்.

வில் போட்டியும் உண்டு. வீரர்கள் வில்லோடு வரிசையாக நிற்கிறார்கள். குறி தூரத்தில் இருக்கிறது. கூட்டம் சுற்றி நின்று பார்க்கிறது. யார் ஜெயிப்பார் என்ற பேச்சு அங்கேயும் தொடங்கிவிடுகிறது.